நமுனுகுல மலையடியில் ஒரு போர் எதிர்ப்பு: 1940 ஆம் ஆண்டின் ஊவாத் தோட்டங்கள்

தன் அரசாங்கம் நடத்தும் போரை, அதுவும் பொதுமக்களின் ஆதரவைப் பெற்றுவிட்ட போரை, எதிர்த்து நின்றோரைப் பற்றிப் பேசப்புகும்போது நாம் வழக்கமாக ஐரோப்பிய, அமெரிக்க எடுத்துக்காட்டுகளையே நாடுகின்றோம். 1914 டிசெம்பர் 2 ஆம் நாள் ஜெர்மானியப் பாராளுமன்றத்தில் போர்க்கடனுக்கு எதிராகத் தனியொருவராக வாக்களித்த கார்ல் லீப்னெக்ட், 1918 இல் ஒகையோ மாநிலத்துக் கன்டன் நகரில் ஆற்றிய ஓர் உரைக்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற யூஜின் டெப்ஸ் ஆகியோரின் பெயர்கள் மாணவர் பலருக்குத் தெரிந்தவை. இவர்கள் தம் நாட்டின் முழுமையான குடிமக்கள். தம் அரசாங்கத்தைத் தம்முடையது என்று உரிமையோடு சொல்லி, அந்த உரிமையின் பேரிலேயே அதனை மறுத்தவர்கள். அவ்வாறு சொல்லும் உரிமையே பெறாத ஒரு மக்கட் கூட்டம் போர்க்காலத்தில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்குச் சான்று தேடுவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமுனுகுல மலைத்தொடரின் நிழலிற் கிடக்கும் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்தவற்றை நோக்கினால் போதும்.

1939 செப்டெம்பர் 3 ஆம் நாள் பிரித்தானியா ஜெர்மனிமீது போர் தொடுத்தபோது இலங்கையும் அப்போரினுள் இழுக்கப்பட்டது. இந்தியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆயினும் இரு நாடுகளின் எதிர்வினைகளும் வேறுபட்டன. மக்கட் பிரதிநிதிகளைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, காங்கிரஸ் மாகாண மந்திரிசபைகள் ஆண்டு முடிவதற்குள் பதவி துறந்தன. இலங்கையில், 1931 இன் டொனமூர் யாப்பின்கீழ் சர்வசன வாக்குரிமையால் தெரிவான அரசாங்க சபையும் அதன் மந்திரிகளும் பிரித்தானியாவின் பக்கம் நின்றனர். பாதுகாப்பு, வெளிவிவகாரம், நிதி, நீதி ஆகியன ஆங்கிலேய உத்தியோகத்தர் மூவரின் கையில் இருந்தமையால் போரா சமாதானமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் மந்திரிகளுக்கு இருக்கவில்லை என்பது உண்மையே. எனினும் தமக்கு இல்லாத அதிகாரத்தின் விளைவுக்குத் தம் சம்மதத்தை மனமுவந்து அளித்தனர். ஒத்துழைப்பின் பரிசாகப் போரின் முடிவில் சுயாட்சி கிட்டும் என்பது டி. எஸ். சேனநாயக்கா போன்றோரின் கணிப்பு. அக்கணிப்பு பிழைக்கவில்லை.

அப்போர் மக்கள் ஆதரவு பெற்ற போர்தானா என்ற வினா எழலாம். குரல் உடையோரிடையே அது ஆதரவு பெற்றிருந்தது என்பதே பொருத்தமான விடையாகும். ஆங்கிலப் பத்திரிகைகள், தோட்டத்துரைமார், கொழும்பின் உயர்வகுப்பினர், மந்திரிகள் ஆகிய யாவரும் ஒரே குரலிற் பேசினர். ஹிட்லருக்கு எதிரான போர் என்பதால் அதற்கு ஓர் அறநிலைப் பெருமையும் இருந்தது. அக்காலத்தில் அதனை எதிர்த்துப் பேசியவர் ராஜத் துரோகி என்ற பழியோடு நாஜிகளின் நண்பர் என்ற பழியையும் சுமக்க வேண்டியிருந்தது.

இப்பழிக்கு அஞ்சாது நின்றவர் லங்கா சமசமாஜக் கட்சியினர். 1935 டிசெம்பரில் உருவான அக்கட்சியின் தொடக்கமே ஒருவகைப் போர் எதிர்ப்பில் இருந்தது என்பது நினைவுகூரத்தக்கது. முதலாம் உலகப்போர் முடிந்த நவம்பர் 11 ஆம் நாளில் ஆண்டுதோறும் பொப்பி மலர் விற்று, அப்பணத்தைப் பிரித்தானிய முன்னாட் படைவீரர்க்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அதற்குப் போட்டியாக உள்நாட்டுப் பூவரச மலரை விற்கும் சூரியமல் இயக்கத்தை 1933 முதல் இளைஞர்கள் முன்னெடுத்தனர். மலர் விற்ற அதே கைகள்தாம் 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களில் மருந்தும் உணவும் பங்கிட்டன. 1936 தேர்தலில் கலாநிதி என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். போர் மூண்டதும் அவ்விருவரும் சபையிலேயே போர்ச்செலவுக்கு எதிராக வாக்களித்தனர். இது இரண்டு ஏகாதிபத்தியங்களுக்கு இடையிலான போர். அடிமை நாட்டுக்கு அதில் இலாபமில்லை. ஜனநாயகத்துக்காகப் போராடுவதாகச் சொல்வோர் முதலில் குடியேற்ற நாடுகளுக்கு ஜனநாயகத்தை வழங்கட்டும் என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இவ்வாதத்தை அரசாங்கம் பொறுத்துக்கொண்டது. இதனை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, தோட்டங்களின் நிலையை நோக்குவோம். 1927 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆண் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனிலும் குறைவு. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தின்போது இந்தச் சிறு தொகையும் வெட்டப்பட்டது. போர் தொடங்கியதும் தேயிலைக்குப் பிரித்தானிய அரசாங்கமே மொத்தக் கொள்வனவாளனாயிற்று. பொருள்களின் விலையும் ஏறலாயிற்று. தோட்டமோ தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் லயங்களுக்குட் செல்வது அத்துமீறற் குற்றமாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சங்கக்காரர் பெருந்தெருவோரத்திலோ நகரத்துத் திடலிலோதான் கூட்டம் நடத்த முடியும். சங்கத்திற் சேர்ந்தவனுக்குத் துரை பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் அவனது வேலை மட்டுமன்றி, குடும்பம் படுத்துறங்கும் காம்பிராவும் அன்றே பறிபோகும்.

இவற்றோடு அரசியல் நிலையும் இறுகிக்கொண்டிருந்தது. 1939 இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்க முற்பட்டது. அதற்கு மறுமொழியாக, தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை அவ்வாண்டு ஓகஸ்ட் 1 முதல் இந்திய அரசாங்கம் தடைசெய்தது. நேருவின் வருகையையொட்டி யூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. ஆக, போர் தொடங்கிய வேளையில் தோட்டத் தொழிலாளி இரண்டு அரசாங்கங்களின் பிணக்குக்கு நடுவில் நின்றான். கொழும்பு அவனை இந்தியன் என்றது. டில்லி அவனுக்காகக் கடலின் அப்பாலிருந்து பேசியது. இரண்டும் போரில் இருந்தன. அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

முதற்பொறி கண்டிப் பக்கத்தில் விழுந்தது. ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1940 சனவரியில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தான். அரசாங்கம் விசாரணை ஆணைக்குழுவொன்றை அமைக்க வேண்டியதாயிற்று. அதன்முன் கோவிந்தன் குடும்பத்துக்காகத் தோன்றிய கொல்வின் ஆர். டி சில்வா, துரைமாரும் பொலிஸாரும் எவ்வாறு கைகோத்து நின்றனர் என்பதைக் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர்ந்தார். இதன் தொடர்ச்சியாக எழுந்த வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்நாட்டு மந்திரி கேட்டதைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதி கால்டெகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நிற்க, பெப்ரவரி இறுதியில் மந்திரிகள் பதவி துறந்தனர். பின்னர் மீண்டும் பதவியேற்றனர். மேட்டிலே ஒரு கூலியின் சாவு கொழும்பிலே ஒரு மந்திரிசபையை அசைத்தது அதுவே முதன்முறை எனலாம். மந்திரிகளுக்குக் கோவிந்தனிடம் இருந்த அக்கறையைவிடத் தம் அதிகார எல்லையில் இருந்த அக்கறை பெரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலைநிறுத்த அலை அங்கிருந்து கிழக்கும் தெற்குமாக நகர்ந்து ஊவாவை அடைந்தது. ஊவாவின் நில அமைப்பை அறியாதார்க்கு இதன் முக்கியத்துவம் விளங்காது. மத்திய மலைநாட்டின் பெருமேட்டைக் கடந்து, மறுபுறச் சரிவில் தனித்துக் கிடப்பது இம்மாகாணம். கொழும்பிலிருந்து வரும் இருப்புப்பாதை பதுளையை எட்டியது 1924 இலேதான். பட்டிப்பொலையின் உச்சியைத் தாண்டி, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல எனச் சுரங்கங்களையும் பாலங்களையும் ஊடுருவி அது இறங்குகின்றது. மழை மிகுந்து ஓரிரு இடங்களில் மண் சரிந்தால் ஊவா ஒரு தீவாகிவிடும். 1817, 1818 ஆம் ஆண்டுகளின் ஊவா, வெல்லசைக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் பட்ட பாட்டுக்கும் இந்நில அமைப்பு ஒரு காரணமே.

1940 மே 12 ஆம் நாள் என். எம். பெரேரா பதுளையில் ஒரு கூட்டத்திற் பேசுவதாக இருந்தது. கூட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் திரண்டுவந்த மக்களைக் கண்ட பொலிஸாரால் தடையை நிறைவேற்ற இயலவில்லை, கூட்டம் நடந்தது. சுற்றியுள்ள தோட்டங்களில் அதன் தாக்கம் பெரிதாயிருந்தது. பதுளையை அண்டிய வேவஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தே தோட்ட நிர்வாகத்தை நடத்துவதாகத் துரையும் இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டுவதற்கென அனுப்பப்பட்ட ஆயுதந்தாங்கிய பொலிஸ் குழுவொன்றைத் தொழிலாளர் சூழ்ந்து, அவர்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டனர்.

இம்மூன்று செய்திகளும் நூல்களிற் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கட்சியின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதிய லெஸ்லி குணவர்தனவும் இவ்விடத்தில் அதிக நேரம் தங்கவில்லை. ஆனால் தோட்ட வாழ்வை அறிந்தவர் இவ்வரிகளைக் கடந்து செல்ல முடியாது. விடியுமுன் தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, துரையின் முன் தலைப்பாகையைக் கழற்றி, கங்காணி காட்டிய மலைக்கு ஏறிய மக்கள் இவர்கள். பேர் பதிவதும் பதியாமல் விடுவதும், அரைப்பேர் போடுவதும் கணக்கப்பிள்ளையின் கைவசம். இத்தகைய அமைப்பினுள்ளே, தங்களுக்கு யார் பேசவேண்டும் என்பதைத் தாங்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். நாட்டின் அரசாங்க சபைக்கு வாக்களிக்க அவர்களுட் பெரும்பாலோருக்குத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவிலே ஜனநாயகத்துக்காகப் போர் நடப்பதாகப் பத்திரிகைகள் எழுதிய அதே வாரங்களில், வேவஸ்ஸ லயங்களில் ஒரு தேர்தல் நடந்தது. அதனைக் கலைக்கவே பொலிஸ் வந்தது.

அந்தத் தொழிலாளர் போரை எதிர்த்தார்களா, அன்றிக் கூலிக்காக மட்டும் நின்றார்களா என்று ஒருவர் கேட்கலாம். கட்சி நூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. அது சற்று அவசரப்பட்ட முடிபு என்றே தோன்றுகின்றது. இரண்டு ஏகாதிபத்தியங்கள் பற்றிய கோட்பாட்டை ஏற்றுக்கொண்டுதான் வேவஸ்ஸத் தொழிலாளி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தான் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் போர்க்காலத்தில் உற்பத்தியை நிறுத்துவது போர் முயற்சியை நிறுத்துவதே என்று ஆட்சியாளர் கருதினர். போர் முடியும்வரை உன் வழக்கை ஒத்திவை என்பதுதான் அக்காலத்தின் பொதுக் கட்டளை. மந்திரிகள் அதற்கு இணங்கினர். வேவஸ்ஸத் தொழிலாளர் இணங்கவில்லை. அவர்களுடைய போர் எதிர்ப்பு என்று நாம் சொல்லக்கூடியது இம்மறுப்பையே. கோட்பாட்டு நூல்களின் எதிர்ப்பைவிட ஆட்சியாளரை அதிகம் கலங்கவைத்ததும் இதுவே என்பது என் கருத்து.

மழை தொழிலாளருக்கு எதிராக நின்றது. அம்மாதத்தில் பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்துவிட்டது. வெளித்தொடர்பற்ற அந்நாட்களில் பொலிஸார் தோட்டந்தோட்டமாகச் சென்று அடக்குமுறையை மேற்கொண்டனர். வேலைநிறுத்த அலை முறிந்தது.

அடுத்து 1940 யூன் 18 ஆம் நாள் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதுசெய்யப்பட்டனர்; சிறிது நாளில் கொல்வினும் பிடிபட்டார். லெஸ்லி குணவர்தன தலைமறைவானார். அரசாங்க சபையின் அங்கத்தவர் இருவர் வழக்கு விசாரணையின்றிச் சிறை சென்றனர். கைதுகளின் காலத்தை எவ்வாறு விளக்குவது? பாரிஸ் வீழ்ந்தது யூன் 14 ஆம் நாள். பிரான்ஸ் போர்நிறுத்தம் கேட்டது 17 ஆம் நாள். பேரரசெங்கும் அச்சம் பரவியிருந்த வாரம் அது. பிரித்தானியாவிலேயே மே இறுதியில் மோஸ்லி தடுத்துவைக்கப்பட்டிருந்தார். ஆகவே ஐரோப்பியத் தோல்வியே காரணம் என வாதிப்போர் பக்கத்திலும் நியாயமுண்டு. எனினும் 1939 செப்டெம்பரிலிருந்து சபையிலும் மேடையிலும் போரை எதிர்த்துப் பேசியவர்களை ஒன்பது மாதம் வெளியே விட்டுவைத்த அரசாங்கம், பதுளைக் கூட்டத்துக்கு ஐந்து வாரங்களின் பின்னரே அவர்களைப் பிடித்தது. பேச்சு தனித்து நின்றவரையில் அதனைப் பொறுக்க முடிந்தது. அது பிரட்டுக்களத்தை எட்டியதும் பொறுக்க முடியவில்லை. பிரான்சின் வீழ்ச்சி அதற்குத் தக்க தருணத்தை அளித்தது என்று கொள்வதே இரு காரணங்களையும் பொருத்தும் வழியாகும்.

இவ்வெதிர்ப்பு சரியானதுதானா என்னும் கடினமான வினாவைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. கட்சிக்குள்ளேயே அது பிளவை உண்டாக்கிற்று. மூன்றாம் அகிலத்தின்மீது நம்பிக்கையில்லை என்று 1939 டிசெம்பரில் கட்சி தீர்மானித்தபோது, எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் விலக்கப்பட்டனர். அவர்களும் தொடக்கத்திற் போரை எதிர்த்தனர். 1941 யூனில் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியதும் அதே போர் அவர்களுக்கு மக்கள் போராயிற்று. சமசமாஜக் கட்சியினர் மாறவில்லை. மாறாமை தன்னளவில் ஒரு சிறப்பாகிவிடாது. நாஜிகளின் கொலைமுகாம்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றை வைத்துப் பார்க்கும்போது, போரிட்ட இரு பக்கத்தையும் ஒரே துலாக்கோலில் வைத்த வாதம் நிறை தவறியது என்றே கூற வேண்டியிருக்கின்றது. யப்பானியர் 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பிலும் 9 ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டு வீசியபின், ஆபத்து வெறும் பிரசாரமன்று என்பதும் தெளிவாயிற்று.

ஆனால் இந்த நியாயம் வேவஸ்ஸக்குப் பொருந்துமா? பாசிசத்தை எதிர்க்க உன் உதவி வேண்டும் என்று ஒருவரும் அத்தொழிலாளியிடம் வந்து கேட்கவில்லை. கேட்டவர் அவனுக்கு வாக்கைத் தந்து, சங்கத்தை ஏற்று, கூலியை உயர்த்திவிட்டுக் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது வேறு வினா. நடந்தது இதற்கு நேர்மாறானது. இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1939 இல் ஏறத்தாழ 225,000 ஆக இருந்தது. குடியிருப்புத் தகுதி பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டமையால் 1943 இல் அது ஏறத்தாழ 168,000 ஆகக் குறைந்தது. பேரரசின் ஜனநாயகப் போர் உச்சத்தில் இருந்த காலத்திலேயே மலையகத்தின் வாக்காளர் இடாப்பு சுருங்கிக்கொண்டிருந்தது.

சிறையிலிருந்த நால்வரும் 1942 ஏப்ரல் 7 ஆம் நாள், கொழும்புக் குண்டுவீச்சுக்கு இரண்டு நாட்களின் பின், போகம்பரைச் சிறையிலிருந்து காவலர் ஒருவரின் துணையோடு தப்பினர். கட்சி அதற்குச் சற்றுமுன் மார்ச்சில் தடைசெய்யப்பட்டிருந்தது. அவர்களுட் பலர் கடல் கடந்து இந்தியா சென்று, அவ்வாண்டு ஓகஸ்டில் எழுந்த வெள்ளையனே வெளியேறு இயக்கத்திற் பங்குகொண்டனர், என். எம். பெரேராவும் பிலிப்பும் 1943 இல் பம்பாயிற் பிடிபட்டனர். கோக்கோஸ் தீவில் 1942 மே மாதத்தில் கலகஞ் செய்த இலங்கைப் பீரங்கிப் படையினருள் கிரேஷியன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் தூக்கிலிடப்பட்டமையும் இவ்வாண்டில் நிகழ்ந்ததே. தோட்டங்களைப் பொறுத்தவரை, 1940 இன் ஏழு அம்ச உடன்படிக்கை மூலம் முதலாளிமார் சங்கங்களை ஒருவாறு ஏற்றனர். பதிலாக வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இதனைச் சிலர் சலுகை என்பர், சிலர் பொறி என்பர். முல்லோயாவும் ஊவாவும் இல்லாதிருந்தால் அதுவும் வந்திராது.

போர் முடிந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. மறு ஆண்டில் வந்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். போரின்போது ஒத்துழைத்துச் சுதந்திரத்தைப் பெற்ற தலைவர்கள் அதனைக் கொண்டுவந்தனர். போரை எதிர்த்துச் சிறை சென்ற என். எம். பெரேராவும் கொல்வினும் அதனைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தனர். 1952 தேர்தலில் மலையகத் தமிழருக்குப் பிரதிநிதி ஒருவரும் இல்லை. 1946 குடிமதிப்பு அவர்களை 780,589 பேர் என எண்ணியிருந்தது.

1964 யூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்தது; என். எம். பெரேரா நிதி மந்திரியானார். போகம்பரைச் சிறைத்தோழர் எட்மண்ட் சமரக்கொடி அதனை ஏற்காது பிரிந்து சென்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் அந்த அரசாங்கம் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. நமுனுகுலச் சரிவின் லயங்களிலிருந்து அவ்வாறு புறப்பட்ட குடும்பங்கள் தகரப்பெட்டிகளோடும் பாய்ச்சுருள்களோடும் பதுளை நிலையத்திற் புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்றன.